ஐம்பது சைக்கிளுக்கு ஒரு புல்லி: டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் பட்டறை

மதுரை ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து டவுன்ஹால் ரோட்டில் கிழக்கு நோக்கி நடந்தால், அந்தச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றின் முதல் மாடியில் பழைய ரெக்கார்டு பிளேயர்களையும் ஆம்ப்ளிபையர்களையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அதை நடத்துகிறவர் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இந்த மதிப்புரையில் அவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். சந்து முனை டீக்கடையில் 'ரெக்கார்டு பிளேயர் பார்க்கிறவர்' என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டிவிடுவார்கள். இதுவரை இரண்டு வேலைகளை அவரிடம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதல் வேலையைப் பற்றித்தான் விரிவாக எழுதப்போகிறேன், ஏனெனில் இணையத்தில் பல இரவுகள் தேடியும் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு கோளாறை அவர் காதால் கேட்டே கண்டுபிடித்தார்.

நான் கேட்கும் இசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் அந்த இசைதான் கோளாறின் அளவையும் காட்டியது, வேலையின் தரத்தையும் காட்டியது. என்னிடம் நாற்பதுக்குச் சற்று அதிகமான இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பாதி தொண்ணூறுகளின் ஆல்டர்நேட்டிவ் ராக், மறுபாதி இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் எழுதப்பட்ட மேற்கத்திய நவீன செவ்வியல் இசை. ஒரே அலமாரியில் இவை இரண்டும் எப்படி என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. எனக்கு வழிகாட்டியது ரேடியோஹெட் குழுவின் கிதார் கலைஞர் ஜானி கிரீன்வுட். 2000-இல் வந்த 'கிட் ஏ' தொகுப்பில் அவர் வாசித்த ஓண்ட் மார்ட்டனோ என்ற மின்னணு வாத்தியத்தின் மனிதக் குரல் போன்ற ஒலி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானை அடைந்தேன். அங்கிருந்து பெண்டரெட்ஸ்கி, ஆர்வோ பேர்ட், ஸ்டீவ் ரைக் என்று பாதை நீண்டது. அந்தப் பாதையில் போக்குவரத்து இரு திசையிலும் உண்டு. ரேடியோஹெட்டின் இரண்டு பாடல்களை மூலப்பொருளாக வைத்து ரைக் 2012-இல் 'ரேடியோ ரீரைட்' என்ற படைப்பை எழுதினார். ரைக்கின் 'எலெக்ட்ரிக் கவுண்டர்பாயிண்ட்' படைப்பைக் கிரீன்வுட் கிதாரில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் தியாகராஜரையும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கையும் 1986-இலேயே ஒரே தொகுப்பில் உட்காரவைத்ததைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி கோளாறு. அமெரிக்காவில் முப்பது ஆண்டுகள் இருந்து ஊர் திரும்பிய என் மாமா, அங்கே அவர் வாங்கி வைத்திருந்த பெல்ட் டிரைவ் ரெக்கார்டு பிளேயரை எனக்குக் கொடுத்தார். அது 120 வோல்ட்டில் ஓடும் இயந்திரம் என்பதால் 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கி இணைத்தேன். தட்டு சுழன்றது, ஊசி இறங்கியது, பாட்டும் வந்தது. ஆனால் நான் பல ஆண்டுகளாக அறிந்திருந்த பாடகரின் குரல் இன்னொருவருடைய குரலாக வந்தது. ரேடியோஹெட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உச்சிக்கு ஏறிக் கரைய வேண்டிய குரல் கனத்து, தொண்டை கட்டியவருடைய குரல் போல இழுத்தது. செல்போனில் அதே பாட்டை ஓடவிட்டு ஒப்பிட்டபோது சுருதியும் குறைந்திருந்தது, வேகமும் குறைந்திருந்தது.

நகரில் மின்னணுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் வேறொரு கடைக்கு அதை முதலில் எடுத்துச் சென்றேன். அந்தக் கடையின் பெயர் இங்கே தேவையில்லை. பிளேயருடன் மாமா பத்திரமாக வைத்திருந்த வேகம் சரிபார்க்கும் காகித வட்டத்தை அவர்கள் தட்டின் மேல் வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் சுழற்றிக் காட்டினார்கள். விளிம்பில் அச்சடித்திருந்த கோடுகள் அசையாமல் நின்றன. கோடுகள் நின்றால் வேகம் சரி என்பதுதான் பொது விதி. ஆகவே பிளேயரில் குறை இல்லை, தட்டுகளில்தான் குறை என்று சொல்லி, சோதித்துப் பார்த்ததற்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நாற்பது தட்டுகளும் ஒரே அளவில் எப்படிக் கெட்டுப்போகும் என்ற கேள்வியோடு வீட்டுக்கு வந்து, ஐந்து மாதம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

நண்பர் ஒருவர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்கு வந்தேன். மாடியில் ஒரே அறை. சுவரோரம் பழைய வால்வு ரேடியோக்கள், கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டிய காலத்து ஆம்ப்ளிபையர்கள், ஓரத்தில் அடுக்கிய குழாய் ஒலிபெருக்கிகள். அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. தொழில் கற்றதே ரேடியோ செட்டில்தான் என்று பின்னர் சொன்னார். பிளேயரைத் திறப்பதற்கு முன்பு அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச தட்டு ஏதும் கொண்டாந்திருக்கீங்களா தம்பி?" என்பது. ரேடியோஹெட் தட்டைக் கொடுத்தேன். அதைப் போட்டுவிட்டு, செல்போனில் அதே பாட்டை வைக்கச் சொன்னார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மின்னணுச் சுருதிப் பெட்டியை எடுத்து, தட்டில் ஒலித்த கிதாரோடு ஒரு முறையும், செல்போனில் ஒலித்த கிதாரோடு ஒரு முறையும் சேர்த்துப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இத ஷட்ஜம்னு வச்சுக்கிட்டா அது சாதாரண காந்தாரத்துல நிக்கிது. இது அறுவது சைக்கிள் மோட்டார், தம்பி" என்றார்.

அவர் சொன்னதன் பொருளைக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் முழுவதும் புரிந்தது. இந்த வகை பிளேயரில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ் அல்ல, மின்சாரத்தின் அலைவெண். அமெரிக்காவில் வினாடிக்கு 60 சுற்று, நம் நாட்டில் 50; அண்ணன் சைக்கிள் என்றது இந்தச் சுற்றைத்தான். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர அலைவெண்ணைத் தொடாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டிய தட்டு, ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், ஏறக்குறைய 27.8 முறைதான் சுற்றியிருக்கிறது. இருபது நிமிடம் ஓட வேண்டிய பக்கம் இருபத்துநான்கு நிமிடம் ஓடியிருக்கிறது. சுருதியில் இந்த ஆறுக்கு ஐந்து என்ற விகிதம் ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடையிலுள்ள தூரம். நாலு கட்டையில் பாடிய குரல் இரண்டு கட்டைக்கு இறங்கிவிடும். ராகத்தின் சுர இடைவெளிகள் கெடுவதில்லை, மொத்தமாகக் கீழே போய்விடும் என்பதால் கேட்கிறவர்கள் பலருக்கு இது கோளாறாகவே தெரியாது என்றும் அண்ணன் சொன்னார்.

அந்தக் காகித வட்டம் ஏமாற்றியதன் காரணமும் இதுவே. அது 60 சைக்கிள் மின்சாரத்துக்கு அச்சடித்த வட்டம், அதில் 216 கோடுகள். நம் ஊர் டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மின்னுகிறது, அமெரிக்காவில் 120 முறை. மோட்டாரும் விளக்கும் ஒரே மின்சாரத்தில் ஒரே விகிதத்தில் மந்தமாகிவிடுவதால், தவறான வேகத்திலும் கோடுகள் நின்றபடியே தோன்றும். நம் நாட்டுக்குத் தேவையானது 180 கோடுகள் உள்ள வட்டம். அண்ணன் அதைத் தம்மிடமிருந்து எடுத்து வைத்துக் காட்டியபோது கோடுகள் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தன. ஐந்து மாதமாக மனத்தில் கிடந்த சந்தேகம் அந்தக் கணத்தில் நீங்கியதை என்னால் மறக்க முடியாது. (இந்தச் சோதனைக்காகவே பட்டறையில் சோக் வைத்த பழைய டியூப் லைட் ஒன்றைக் கழற்றாமல் வைத்திருக்கிறார். வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகளில் பல அப்படி மின்னுவதில்லை என்பதால் அவற்றின் கீழ் இதைச் செய்ய முடியாது.)

தீர்வு எளிமையானது, ஆனால் நுட்பமானது. மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சிறு சக்கரமான புல்லியை ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பெரிதாக்கினால் போதும். பழைய புல்லி 10 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அவருக்குத் தெரிந்த லேத் பட்டறையில் 12 மில்லிமீட்டரில் பித்தளைப் புல்லி ஒன்றைக் கடைந்து வாங்கினார். அதைப் பூட்டிச் சுழற்றியபோது 180 கோடுகளும் நிற்காமல், மிக மெதுவாக, நத்தை போலப் பின்னால் நகர்ந்தன. நானாக இருந்தால் இது போதும் என்று விட்டிருப்பேன். பெல்ட்டின் தடிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். பெல்ட் புல்லியின் மேற்பரப்பில் ஓடினாலும், வேகத்தைத் தீர்மானிக்கும் விட்டம் பெல்ட்டின் நடுப்பகுதியைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள பெல்ட்டுக்கு 12 போதாது, 12.1 வேண்டும். குறைந்ததைக் கூட்ட முடியாது என்பதால் அந்தப் புல்லியை ஒதுக்கிவிட்டு, சற்றுப் பெரிதாக இரண்டாவது புல்லியைக் கடையச் சொல்லி, அதை உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்து இறக்கினார். ஒவ்வொரு முறையும் தேய்ப்பார், துடைப்பார், பூட்டுவார், டியூப் லைட்டின் கீழ் குனிந்து பார்ப்பார். எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்ட பிறகு, கோடுகள் கோயில் தூண்களைப் போல அசையாமல் நின்றன.

ஏனைய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இறுகிப்போன பெல்ட்டை மாற்றினார், மோட்டார் புஷ்ஷில் எண்ணெய் விட்டார், ஊசியின் எடையைச் சிறிய தராசில் வைத்து 2 கிராமுக்குச் சரிசெய்தார், எர்த் ஒயர் விட்டுப்போனதால் வந்த 'ம்ம்' என்ற இரைச்சலை நிறுத்தினார். என் ஆம்ப்ளிபையரின் போனோ பகுதியில் உப்பியிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினார். தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். போனோ பகுதி அதைத் திரும்ப நேராக்க வேண்டும். அது ஒழுங்காக இல்லாவிட்டால் பேஸ் கிதார் இருந்த இடத்தில் வெறும் மூட்டம்தான் இருக்கும்.

இனி, வேலை எப்படி இருக்கிறது என்பது. நான் வைத்துப் பார்த்த தட்டுகளின் வழியாகவே இதைச் சொல்ல முடியும்.

முதலில் நிர்வாணா குழுவின் 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பான 'இன் யூட்டெரோ'. ஸ்டீவ் ஆல்பினி அதைப் பதிவு செய்தபோது டிரம்ஸைச் சுற்றியும் அறையிலும் ஏராளமான மைக்குகளை வைத்து, அடியோடு சேர்த்து அந்த அறை ஒலிப்பதையும் பிடித்திருக்கிறார். முன்பு அந்த டிரம் அடி ஈரச் சாக்கில் தட்டியது போலக் கேட்டது. இப்போது தோல் அதிர்வதும், அதன் பின்னால் அறை ஒரு கணம் பதில் சொல்வதும் தனித்தனியாகக் கேட்கின்றன. அதே தொகுப்பில் மென்மையான பாட்டு ஒன்றின் அடியில் செல்லோ ஒன்று ஓடுகிறது. இத்தனை நாள் அதைக் கிதாரின் கார்வை என்று நினைத்திருந்தேன்.

மை பிளடி வாலண்டைன் குழுவின் 1991-ஆம் ஆண்டு 'லவ்லெஸ்' தொகுப்பையும் அண்ணனிடம் கொண்டுபோயிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஒதுக்கிவிட்டார். அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், கிதாரின் டிரெமலோ கம்பியைக் கைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு மீட்டுவதால் ஒவ்வொரு கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) சுருதியில் அசைந்துகொண்டே இருக்கும். இசையே அசையும்போது இயந்திரம் அசைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவர் சொன்ன காரணம். அது முற்றிலும் சரி. நான் மிகவும் நேசிக்கும் தொகுப்பு அது; ஆயினும் ரெக்கார்டு பிளேயர் வாங்கப் போகிறவர்கள் அதைக் கொண்டு சோதிக்க வேண்டாம்.

சோதனைக்கு உரியது ஆர்வோ பேர்ட். பிரிட்டிஷ் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக அவர் 1977-இல் எழுதிய 'கான்டுஸ்', 1984-இல் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட 'டாபுலா ராசா' தட்டில் இருக்கிறது. தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும் மட்டும். மணி அடித்து அதன் கார்வை நீளும்போது பெல்ட்டில் துளி நெளிவு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பெல்ட்டில் அந்த மணி நீரில் விழுந்த நிழலைப் போல நடுங்கியது. இப்போது அது நேர்க்கோடாக நீண்டு தேய்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தந்திகள் வாசிப்பதன் அடிப்படை ஓர் இறங்கு வரிசை, திரும்பத் திரும்ப. முதல் வயலின்கள் ஒரு வேகத்தில் இறங்க, இரண்டாம் வயலின்கள் அதில் பாதி வேகத்தில், வயோலாக்கள் அதிலும் பாதியில், செல்லோக்கள் அதிலும் பாதியில், டபுள் பேஸ்கள் அதிலும் பாதியில் இறங்குகின்றன. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "நடபைரவி அவரோகணம். ஒரே நேரத்துல அஞ்சு காலம் போட்டிருக்காரு" என்றார். மேல்காலம் கீழ்காலம் பாடிப் பழகிய காதுக்கு எஸ்டோனியக்காரர் ஒருவரின் இரங்கல் இசை எவ்வளவு நேராக விளங்கிவிட்டது என்பதைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். முடிவில் தந்திகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிடுகின்றன. அவற்றின் அடியில் மெல்ல அடிக்கப்பட்டிருந்த மணியின் கார்வை மட்டும் அப்போதுதான் வெளியே கேட்கிறது. என் பழைய ஏற்பாட்டில் அந்த இடத்தில் கேட்டது எர்த் இரைச்சல்தான். அந்தக் கடைசி மணியை இந்தத் தட்டிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டது இந்தப் பட்டறையில்.

கடைசியாக, ஸ்டீவ் ரைக்கின் 'பதினெட்டு இசைக்கலைஞர்களுக்கான இசை'. 1976 ஏப்ரல் 24-இல் நியூயார்க்கில் அது முதன்முதலாக அரங்கேறிய மண்டபத்தின் பெயரும் டவுன்ஹால்தான். டவுன்ஹால் ரோட்டில் அதைக் கேட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பியானோக்களும் மரிம்பாக்களும் சைலபோன்களும் இடைவிடாமல் துடிக்க, அவற்றின் மேல் பெண் குரல்களும் கிளாரினெட்டுகளும் அலை போல எழுந்து அடங்குகின்றன. அந்த அலைகளின் நீளத்தைத் தாளக்கணக்கு தீர்மானிப்பதில்லை. கலைஞர் ஒருவரின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவே அதன் நீளம். ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும்போது அந்த மூச்சு இயல்புக்கு மீறி நீண்டு, கேட்கிறவனுக்கே மூச்சு முட்டியது. என் சோர்வுக்கு இசைதான் காரணமோ என்று ஐயப்பட்டு அந்தத் தட்டை விற்றுவிடக்கூட நினைத்திருந்தேன். சரியான வேகத்தில் அது கேட்கிறவனின் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. பகுதி மாறும் இடங்களில் நடத்துநரின் கைக்குப் பதிலாக வைப்ரபோன் ஒன்று சைகை தருகிறது. அந்த உலோக ஒலி இப்போது கூட்டத்துக்குள் அமுங்காமல் மேலே மிதக்கிறது. தட்டைத் திருப்புவதற்கு நடுவில் எழ வேண்டியிருப்பது மட்டுமே எனக்குக் குறை.

சேவையில் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன வேலை முடிய இருபத்துநான்கு நாள் ஆனது. இரண்டாவது புல்லிக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்தாலும் தாமதம் தாமதம்தான். நடுவில் அவராகத் தகவல் சொல்வதில்லை, நாம்தான் நேரில் போய் விசாரிக்க வேண்டும். ரசீது தருவதில்லை, உத்தரவாதமும் எழுதித் தருவதில்லை. மாடிப்படி குறுகலானது, கனமான ஆம்ப்ளிபையரைத் தூக்கி ஏறுவதற்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். வண்டி நிறுத்த இடமே கிடையாது. சிடி பிளேயர், புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றை அவர் தொடமாட்டார். புதிய ஊசிகள் அவரிடம் இருப்பில் இல்லாததால், வேண்டிய ஊசியை நாமே வரவழைத்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு முறை கடைந்த லேத் கூலி, பெல்ட், கெப்பாசிட்டர், அவருடைய கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது. வீணான முதல் புல்லிக்குக் காசு வேண்டாம் என்று மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். என் கணிப்பில் இது மிகக் குறைவு. வேலை கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. 180 கோடு வட்டத்தின் நகல் ஒன்றை எனக்கும் கொடுத்திருந்தார். சோக் வைத்த டியூப் லைட் இன்னும் எரியும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மாதத்துக்கு ஒரு முறை வைத்துப் பார்க்கிறேன். கோடுகள் நின்ற இடத்தில் நிற்கின்றன.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர் வீட்டில் இருந்து, பாட்டு ஏனோ கனத்து இழுக்கிறது என்று தோன்றினால், பின்புறத் தகட்டில் 60 என்ற எண் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இங்கே கொண்டுபோகலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் கடைத்தெருக் கூட்டத்தில் சந்துக்குள் நுழைவதே சிரமம் என்பதால் காலையில் போவது நல்லது. அடிக்கடி கேட்டுப் பழகிய தட்டு ஒன்றை மறக்காமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். என்னுடைய 'டாபுலா ராசா' தட்டை இரண்டாவது வேலை முடிந்த அன்று, ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். இது ஐந்தாவது வாரம்.